எதை முதலில் மாற்றுவது? தனியுரிமை காக்கும் திறமூலச் சேவைகள்: ஓர் ஒப்பீடு

இதற்குப் பதில் அது என்று இரண்டு பத்திகளில் அடுக்கிய பட்டியல்கள் இணையத்தில் ஏராளம். ஜிமெயிலுக்குப் பதில் புரோட்டான், வாட்ஸப்புக்குப் பதில் சிக்னல், குரோமுக்குப் பதில் ஃபயர்ஃபாக்ஸ். பட்டியலில் தவறில்லை. ஆனால் அதைப் பார்த்து ஒரே வார இறுதியில் எல்லாவற்றையும் மாற்றக் கிளம்பினால் சீக்கிரமே சலித்துப்போகும். செயலிகள் மோசம் என்பதால் அல்ல. ஒவ்வொரு மாற்றத்துக்கும் எத்தனை பேருடைய சம்மதம் வேண்டும் என்பதை அந்தப் பட்டியல்கள் சொல்வதில்லை.

பிரவுசரை மாற்ற யாரையும் கேட்க வேண்டாம். மின்னஞ்சலை மாற்றினால் கணக்கு வைத்திருக்கும் தளங்களிலெல்லாம் புது முகவரியைக் கொடுக்க வேண்டும், தெரிந்தவர்களுக்கும் சொல்ல வேண்டும். ஆனால் அவர்கள் எதையும் நிறுவத் தேவையில்லை. மெசேஜ் செயலியை மாற்ற வேண்டுமானால் எதிரே இருப்பவரும் கூடவே வர வேண்டும். எது சிறந்தது என்ற கேள்வியைவிட இந்த வரிசை முக்கியம் என்று நினைக்கிறேன். அதனால் இந்த ஒப்பீட்டையும் அதே வரிசையில் வைக்கிறேன்.

அதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். திறமூலம் என்றால் ஒரு மென்பொருளின் மூல நிரலை யாரும் படிக்கவும் பயன்படுத்தவும் திறந்துவைப்பது. அதுவும் தனியுரிமையும் ஒன்றல்ல. குரோமின் அடித்தளமான குரோமியம் திறமூலம்தான். ஆண்ட்ராய்டின் அடித்தளமும் அப்படியே. டெலிகிராம் தன் செயலிகளின் மூல நிரலை வெளியிடுகிறது, சர்வருடையதை வெளியிடுவதில்லை. அதன் சாதாரண உரையாடல்களும் குழுக்களும் முழு மறையாக்கத்தில் இல்லை. அதாவது, அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே திறக்கக்கூடிய விதத்தில் அவை பூட்டப்படுவதில்லை. ‘ரகசிய உரையாடல்’ என்று தனியாகத் தொடங்கினால்தான் அந்தப் பூட்டு, அதுவும் இருவருக்கு இடையே மட்டும். வாட்ஸப்போ திறமூலமே இல்லை. ஆனால் 2016 முதல் சிக்னலின் நெறிமுறையைக் கொண்டுதான் செய்திகளை மறையாக்குகிறது. செய்தியின் உள்ளடக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் டெலிகிராமைவிட வாட்ஸப்பே மேல். இதைச் சொன்னால் சிலருக்கு எரிச்சல் வரும், ஆனால் உண்மை அதுதான்.

எனவே ‘திறமூலம்’ என்ற முத்திரையைப் பார்த்தவுடன் எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று கேட்க வேண்டும். சர்வர் நிரலை வெளியிட்டிருந்தாலும், அங்கே ஓடுவது அதே நிரல்தானா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல வழியில்லை. உங்கள் கருவியில் ஓடும் செயலி திறந்திருப்பது அதைவிட முக்கியம், ஏனென்றால் மறையாக்கம் நடப்பது அங்கேதான். சாவி உங்கள் கருவியை விட்டு வெளியே போகவில்லை என்று நிரலைப் படித்தவர்கள் உறுதிசெய்ய முடிந்தால், சர்வர் மூடியிருப்பதைப் பற்றிய கவலை பாதி குறையும்.

இன்னொரு கேள்வி, நாளைக்கு இது கைமாறினால் என்ன ஆகும் என்பது. ஆண்ட்ராய்டில் கேலரி, காலண்டர், கோப்பு மேலாளர் என்று விளம்பரமே இல்லாமல் வந்துகொண்டிருந்த சிம்பிள் மொபைல் டூல்ஸ் 2023இல் விளம்பரச் செயலிகள் நடத்தும் ஒரு நிறுவனத்திடம் விற்கப்பட்டது. திறமூலம் என்பதால் பழைய நிரலை எடுத்து ஃபாஸிஃபை என்ற கிளை பிறந்தது, இன்றும் நடக்கிறது. ஐஃபோனில் இரண்டாம் கட்டச் சரிபார்ப்புக் குறியீடுகளுக்குப் பேர்போன ரைவோ ஓடிபியும் 2023இல் கைமாறியது. அடுத்த ஆண்டு வந்த ஒரு புதுப்பிப்பில் பலருடைய குறியீடுகள் காணாமல் போயின. திறமூலம் என்பது அடுத்தவர் தொடர்ந்து நடத்தலாம் என்ற உத்தரவாதம் மட்டுமே. உங்கள் தரவின் நகல் உங்களிடம் இருக்கிறதா என்பதை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

யாரையும் கேட்காமல் மாற்றக்கூடியவை

முதலில் பாஸ்வேர்டு மேலாளர், அதாவது எல்லாப் பாஸ்வேர்டுகளையும் ஒரே இடத்தில் பூட்டி வைக்கும் செயலி. மற்ற மாற்றங்கள் எல்லாம் கணக்குகளில் நுழைந்து வெளியேறும் வேலைதான் என்பதால் இது சரியாக இருந்தால் மீதி எளிது. இங்கே போட்டி பிட்வார்டனுக்கும் கீபாஸ்எக்ஸ்சிக்கும். பிட்வார்டன் எல்லாக் கருவிகளிலும் தானாக ஒத்திசையும், பாஸ்வேர்டுகள் இருக்கும் பெட்டகம் உங்கள் கருவியிலேயே பூட்டப்பட்ட பிறகுதான் சர்வருக்குப் போகும், செயலியும் சர்வரும் இரண்டுமே திறந்தவை. கீபாஸ்எக்ஸ்சிக்கு சர்வரே கிடையாது. எல்லாம் ஒரே கோப்பு. அதை எங்கே வைப்பது, போனுக்கு எப்படிக் கொண்டுபோவது, எப்போது நகலெடுப்பது எல்லாம் உங்கள் பொறுப்பு.

லாஸ்ட்பாஸ் என்ற பாஸ்வேர்டு மேலாளரில் 2022இல் நடந்த திருட்டை நினைவில் வைத்துக்கொண்டு இரண்டையும் பாருங்கள். வாடிக்கையாளர்களின் பெட்டக நகல்களையே அள்ளிக்கொண்டு போனார்கள். பாஸ்வேர்டுகள் பூட்டியிருந்தன, ஆனால் எந்தெந்தத் தளங்கள் என்ற முகவரிகள் பூட்டப்படாமல் கிடந்தன. பிட்வார்டன் அந்த முகவரிகளையும் சேர்த்துப் பூட்டுகிறது. இருந்தாலும் பலருடைய பெட்டகங்கள் ஒரே இடத்தில் குவிந்திருப்பது திருடர்களுக்கு ஆசையைத் தூண்டும் விஷயம்தான். கணினியோடு நன்றாகப் பழகிய ஒருவர் தனக்கு மட்டும் என்றால் கீபாஸ்எக்ஸ்சி. வீட்டில் நான்கு பேர் பகிர வேண்டும் என்றால் தயங்காமல் பிட்வார்டன். முதன்மைப் பாஸ்வேர்டை மட்டும் மறந்துவிடாதீர்கள், இரண்டிலுமே அதை மீட்டுத்தர ஆளில்லை.

மாற்றும்போது கவனிக்க வேண்டிய ஓர் இடம் இருக்கிறது. குரோமிலிருந்து பாஸ்வேர்டுகளை ஏற்றுமதி செய்தால் ஒரு சிஎஸ்வி கோப்பு டவுன்லோட்ஸ் கோப்புறையில் வந்து விழும். அதை நோட்பேடில் திறந்து பாருங்கள்: வரிக்கு ஒரு தளம், ஒரு கமா, பயனர் பெயர், இன்னொரு கமா, பாஸ்வேர்டு. எந்தப் பூட்டும் இல்லை. அந்தக் கோப்புறை தானாகக் கிளவுடுக்கு ஏறும்படி அமைந்திருந்தால், நீங்கள் பிட்வார்டனில் இறக்குமதி பட்டனைத் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் மொத்தப் பாஸ்வேர்டுகளும் மேலே போய்ச் சேர்ந்திருக்கும். ஆகவே முதலில் ஒத்திசைவை நிறுத்துங்கள். அப்புறம் ஏற்றுமதி, உடனே இறக்குமதி, கோப்பை அழித்துவிட்டுக் குப்பைத்தொட்டியையும் காலி செய்யுங்கள். குரோமுக்குள் சேமித்து வைத்த பழைய பாஸ்வேர்டுகளையும் நீக்க மறக்க வேண்டாம். பலர் அங்கேதான் நின்றுவிடுகிறார்கள்.

பிரவுசரில் ஃபயர்ஃபாக்ஸா பிரேவா என்பதுதான் கேள்வி. இரண்டும் திறமூலம். பிரேவ் நிறுவிய கையோடு விளம்பரங்களையும் பின்தொடரும் நிரல்களையும் தடுக்கும், நீங்கள் எதையும் தொட வேண்டாம். ஆனால் கூகுளின் குரோமியத்தின் மேல் கட்டியது. கிரிப்டோ பணப்பை மாதிரி கேட்காதவையும் கூடவே வரும். 2020இல், முகவரிப் பட்டையில் ஒரு கிரிப்டோ சந்தையின் முகவரியைத் தட்டினால் தன் கமிஷன் குறியீட்டை ஒட்டி நிரப்பியது வெளியே வந்தது. தவறுதான் என்று ஒப்புக்கொண்டு திருத்தினார்கள். ஃபயர்ஃபாக்ஸுக்கோ, பக்கங்களைத் திரையில் காட்டும் எஞ்சின் குரோமியத்தைச் சாராமல் தனியாக உண்டு. விளம்பரங்களைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் நீட்சி அதில் முழு வலுவோடு ஓடும்; குரோமோ புதிய நீட்சி விதிகளைச் சொல்லி 2025இல் அதை நிறுத்தியே விட்டது. ஃபயர்ஃபாக்ஸைத் தயாரிக்கும் மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பங்கு, கூகுளை முதன்மைத் தேடுபொறியாக வைத்திருப்பதற்குக் கூகுள் கொடுக்கும் பணம் என்பது உறுத்தத்தான் செய்கிறது. இருந்தும் என் ஓட்டு ஃபயர்ஃபாக்ஸுக்கு: தேடுபொறியை மாற்றி, யூபிளாக் ஆரிஜினைச் சேர்த்தால் வேலை முடிந்தது. அமைப்புகள் பக்கமே போக மாட்டேன் என்பவருக்கு பிரேவ். டார் பிரவுசர், அடையாளம் தெரிந்தால் ஆபத்து என்ற நிலையில் இருப்பவர்களுக்கானது. அன்றாடத்துக்கு அதன் வேகம் ஒத்துவராது.

தேடுபொறியில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. டக்டக்கோ பெரும்பாலும் மைக்ரோசாஃப்டின் பிங்கிடமிருந்தும், ஸ்டார்ட்பேஜ் கூகுளிடமிருந்தும் முடிவுகளை வாங்கி, கேட்டது யார் என்பதைச் சொல்லாமல் மறைக்கின்றன. இரண்டின் தேடல் சேவையும் திறமூலம் அல்ல. சீர்எக்ஸ்என்ஜி திறமூலம், யார் வேண்டுமானாலும் தன் சர்வரில் நடத்தலாம், ஆனால் நீங்கள் நுழையும் சர்வரை நடத்துபவர் யார் என்று தெரியாவிட்டால், தேடல்களைக் கூகுளுக்குப் பதில் முகம் தெரியாத ஒருவரிடம் கொடுக்கிறீர்கள், அவ்வளவுதான். டக்டக்கோவே போதும்.

வரைபடத்தில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2004 முதல் தன்னார்வலர்கள் வரைந்து வருவது. அதன் தரவைக் கொண்டு இயங்கும் ஆர்கானிக் மேப்ஸ், அதிலிருந்து 2025இல் பிரிந்த கோமேப்ஸ், அமைப்புகள் மண்டிய ஓஸ்ம்ஆண்ட் மூன்றும் இணையம் இல்லாமலே வழி காட்டும். போக்குவரத்து நெரிசல் மட்டும் தெரியாது, காரணம் வெளிப்படை: கூகுள் அதைக் கணிப்பதே சாலையில் நகரும் போன்களைக் கவனித்துத்தான். நடைக்கும் பயணத்துக்கும் இது, நெரிசல் நேரத்தில் அது என்று இரண்டையும் வைத்துக்கொள்வதில் குற்றம் ஒன்றும் இல்லை.

மின்னஞ்சல்: பாதிச் சம்மதம்

இங்கே புரோட்டான் மெயில், டூட்டா என்ற இரண்டு பெயர்களே அடிக்கடி அடிபடும். புரோட்டானை செர்ன் ஆய்வகத்தில் சந்தித்தவர்கள் 2014இல் தொடங்கினார்கள், இருப்பது சுவிட்சர்லாந்தில். டூட்டா ஜெர்மனி, 2023 வரை டூட்டனோட்டா என்று அழைக்கப்பட்டது. இரண்டின் செயலிகளும் திறமூலம். அஞ்சல்பெட்டி உங்கள் பாஸ்வேர்டால் பூட்டப்படுவதால் நிறுவனத்தால் உள்ளே பார்க்க முடியாது என்பது இரண்டின் வாக்குறுதியும்.

வேறுபாடு நுணுக்கங்களில். புரோட்டான் ஓப்பன்பிஜிபி என்ற பொதுத் தரத்தைப் பின்பற்றுகிறது. அதனால் அதே தரத்தில் வேறு சேவையில் இருப்பவரோடும் மறையாக்கிப் பேசலாம், ஆனால் கடிதத்தின் பொருள் வரி முழு மறையாக்கத்துக்குள் வராது. டூட்டா தனக்கென்று ஒரு முறை வகுத்துக்கொண்டு பொருள் வரியையும் பூட்டுகிறது. விலையாக, தண்டர்பேர்டு மாதிரி பொது அஞ்சல் செயலிகள் எதிலும் அதைத் திறக்க முடியாது. புரோட்டானில் அதற்கு ‘பிரிட்ஜ்’ என்ற இடைமென்பொருள் உண்டு, கட்டணக் கணக்குகளுக்கு மட்டும்.

இரண்டிலும் ஏமாற்றம் தரும் ஒரு விஷயத்தை விளம்பரங்கள் மெல்லிய குரலில்தான் சொல்கின்றன. ஜிமெயில் வைத்திருக்கும் நண்பருக்குப் புரோட்டானிலிருந்து சாதாரணமாக ஒரு கடிதம் அனுப்புங்கள். அது அவருடைய பெட்டியில், மற்ற கடிதங்களைப் போலவே, கூகுளால் வாசிக்கக்கூடிய நிலையில்தான் போய் உட்காரும். அவருடைய பதில் வரும்போதும், உங்கள் சேவை அதைப் பூட்டி உள்ளே வைப்பதற்கு முன் அது வெறும் எழுத்துதான். உங்கள் பெட்டி பாதுகாப்பானதே தவிர உங்கள் கடிதப் போக்குவரத்து அல்ல. தேடலும் மாறும்: சர்வரால் படிக்க முடியாததால், கடிதங்களின் உள்ளே தேட வேண்டுமானால் பிரவுசர் உங்கள் கடிதங்களையெல்லாம் இறக்கி அங்கேயே அட்டவணை போட வேண்டும். பெரிய பெட்டி என்றால் முதல் தடவை நேரம் பிடிக்கும்.

சட்டத்தையும் மறந்துவிடக் கூடாது. 2021இல் பிரான்சைச் சேர்ந்த ஒரு காலநிலைச் செயல்பாட்டாளரின் வழக்கில், சுவிஸ் அதிகாரிகளின் உத்தரவுப்படி புரோட்டான் அவருடைய ஐபி முகவரியை (இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணை) பதிந்து கொடுக்க நேர்ந்தது. கடிதங்களைக் கொடுக்கவில்லை, கொடுக்கவும் முடியாது. ஆனால் ‘ஐபி பதிவு செய்வதில்லை’ என்ற தோரணையில் தளத்தில் இருந்த வாசகத்தை அதற்குப் பிறகு மாற்றினார்கள். தனியுரிமை வேறு, அநாமதேயம் வேறு.

சரி, எது? பொதுத் தரம், வெளியேறும் வசதி இரண்டையும் வைத்து நான் புரோட்டானைச் சொல்வேன். ஆனால் அதைவிடப் பெரிய முடிவு வேறொன்று: முகவரி யாருடையது? தனியுரிமையை முன்வைத்து வளர்ந்த ஸ்கிஃப் என்ற அஞ்சல் சேவையை 2024 பிப்ரவரியில் நோஷன் என்ற மென்பொருள் நிறுவனம் வாங்கியது. ஆறு மாதத்தில் மூடியது. ஸ்கிஃப் முகவரியையே எல்லா இடத்திலும் கொடுத்திருந்தவர்கள் தளம் தளமாக ஏறி இறங்க வேண்டியதாயிற்று. சொந்த டொமைனில், அதாவது தங்கள் பெயரில் பதிவுசெய்த இணையப் பெயரில், முகவரி வைத்திருந்தவர்கள், கடிதம் எந்தச் சேவைக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவு என்ற சில வரிகளை டொமைன் அமைப்புகளில் மாற்றினார்கள். அடுத்த கடிதம் புதிய சேவைக்கு வந்தது. டொமைனுக்கு ஆண்டுக்கொரு கட்டணம் உண்டு, அதைக் கட்ட மறந்தால் முகவரியே கைவிட்டுப் போகும் என்ற அபாயமும் உண்டு. அப்படியும், மின்னஞ்சலில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்வேன் என்றால் அது இதுவாக இருக்கட்டும். டொமைன் சொந்தமாக இருந்தால் புரோட்டானா டூட்டாவா என்பதை அடுத்த ஆண்டு வேறு மாதிரி முடிவு செய்துகொள்ளலாம்.

பழைய பெட்டியை உடனே மூட வேண்டாம். அங்கிருந்து கடிதங்கள் தானாகப் புதிய முகவரிக்கு வரும்படி அமைத்துவிட்டு, பழைய வழியில் என்னென்ன வருகிறது என்று மட்டும் பாருங்கள். வங்கி, வரி, காப்பீடு என்று ஆண்டுக்கொரு முறை எழுதுபவர்கள் கடைசியில்தான் தலைகாட்டுவார்கள்.

படங்களும் கோப்புகளும்

திறமூல வட்டாரத்தில் இந்தக் கேள்விக்கு வரும் முதல் பதில், ‘சொந்தமாக சர்வர் வை’. படங்களுக்கு இம்மிச், கோப்புகளுக்கு நெக்ஸ்ட்கிளவுட். இரண்டும் நல்ல மென்பொருள்கள். கூகுள் ஃபோட்டோஸை விட்டுவந்தவர்களுக்கு இம்மிச்சின் தோற்றம் அந்நியமாகவே இருக்காது. ஆனால் வட்டு பழுதானால், புதுப்பிப்பு பாதியில் நின்றால், வீட்டில் மின்சாரம் போனால் எழுந்து போய்ப் பார்க்க வேண்டியவர் நீங்கள். தலைவலி போய்த் திருகுவலி வந்த கதை ஆகிவிடும். அதுபோக, இரண்டிலும் இயல்பான அமைப்பில் முழு மறையாக்கம் கிடையாது. சர்வரை நடத்துபவர் எல்லாவற்றையும் பார்க்கலாம். உங்கள் வீட்டு சர்வரில் அண்ணன் குடும்பத்தின் படங்களையும் வைத்தால், அவர்களுக்கு நீங்கள்தான் கூகுள். அவர்களுக்கு அது சம்மதமா என்று கேட்டீர்களா?

அதனால் பொழுதுபோக்காகவே சர்வர் நடத்துபவர்களைத் தவிர மற்றவர்களுக்குப் படங்களுக்கு என்டே என்ற திறமூலச் சேவை பொருத்தம். படங்கள் போனிலேயே பூட்டப்பட்டுத்தான் மேலே போகின்றன. முகம் கண்டுபிடிப்பதும் கருவியிலேயே நடக்கிறது. 2024இல் சர்வர் நிரலையும் திறந்துவிட்டார்கள். இலவச இடம் குறைவு, பெரிய தொகுப்புக்குப் பணம் கட்டத்தான் வேண்டும்.

கோப்புகளுக்கு மாறாமலே மாறும் வழி ஒன்று உண்டு. கிரிப்டோமேட்டர் என்ற திறமூலக் கருவி, நீங்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் டிராப்பாக்ஸுக்கோ கூகுள் டிரைவுக்கோ உள்ளே ஒரு பூட்டிய பெட்டகத்தை உருவாக்கும். கிளவுடில் பார்த்தால் பொருளற்ற பெயர்களில் கோப்புகள் குவிந்திருக்கும், உங்கள் கணினியில் மட்டும் சாதாரண டிரைவ் மாதிரி திறக்கும். சேவை அதே, சாவி மட்டும் உங்களிடம். இதை ஏன் இன்னும் அதிகம் பேர் பேசுவதில்லை என்று எனக்குப் புரிவதில்லை. கிளவுடே வேண்டாம், இரண்டு கணினிகள் தங்களுக்குள் ஒத்திசைந்தால் போதும் என்றால் சின்க்திங். ஆண்ட்ராய்டில் அதன் அதிகாரப்பூர்வச் செயலி 2024 இறுதியில் நின்றுவிட்டது, கிளைச் செயலிகள் தொடர்கின்றன. ஒத்திசைவும் பேக்கப்பும் ஒன்றல்ல என்பதை நினைவில் வையுங்கள்: ஓரிடத்தில் அழித்தால் மற்ற இடத்திலும் அழியும்.

எதிரே இருப்பவரும் வர வேண்டும்

மெசேஜ் செயலியில் தொழில்நுட்ப ஒப்பீடு சுலபம். சிக்னலிடம் 2016இல் அமெரிக்க நீதிமன்ற ஆணை ஒன்று இரண்டு போன் எண்களின் விவரங்களைக் கேட்டது, அவற்றில் ஒன்றுக்கே கணக்கு இருந்தது. கொடுக்க அவர்களிடம் இருந்தது இரண்டே இரண்டு: கணக்கு தொடங்கிய நேரம், கடைசியாகச் சேவையோடு இணைந்த நாள். மடியில் கனமில்லை. வாட்ஸப் செய்தியைப் பூட்டினாலும் யார் யாரோடு, எப்போது, எந்தக் குழுவில் என்ற மெட்டாடேட்டா அதன் கையில். சிக்னலில் பதிவுசெய்ய இன்னமும் போன் எண் வேண்டும். 2024 முதல் பயனர் பெயரைக் கொடுத்துவிட்டு எண்ணை மற்றவர்களிடமிருந்து மறைக்கலாம்.

மேட்ரிக்ஸ் நெறிமுறையில் இயங்கும் எலிமெண்ட் வேறு ரகம். ஒரே நிறுவனத்தின் சர்வர் என்று இல்லை, யார் வேண்டுமானாலும் நடத்தலாம், ஒன்றோடொன்று பேசும். பிரெஞ்சு அரசு தன் ஊழியர்களுக்கென்று நடத்தும் ட்சாப் இதன் மேல் கட்டியதுதான். அமைப்புகளுக்கு இது மிகப் பொருத்தம். அம்மாவுக்கு அல்ல. புதுக் கருவியில் நுழைந்ததும் ‘இந்த அமர்வைச் சரிபாருங்கள்’, ‘மீட்புச் சாவியை உள்ளிடுங்கள்’ என்று கேட்கும். அதைத் தவறவிட்டால் பழைய செய்திகள் திறக்காது. தனி மனிதர்களுக்கு சிக்னல்தான், இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

கஷ்டம் எல்லாம் ஆட்களைக் கொண்டுவருவதில். குடும்பக் குழு, பள்ளிக் குழு, குடியிருப்புக் குழு என்று மொத்தத்தையும் நகர்த்த நினைத்தால் தோற்பது உறுதி. நாள்தோறும் பேசும் இரண்டு மூன்று பேரிடம் மட்டும், ‘நாம் இங்கே பேசலாம்’ என்று கேட்டுப் பாருங்கள். மருத்துவ அறிக்கை, பணம், சண்டை சமாதானம் எல்லாம் அவர்களோடுதானே போகிறது. மற்றவர்களுக்காக வாட்ஸப் போனிலேயே இருக்கட்டும்.

அப்படி வைத்திருக்கும் வாட்ஸப்பில் ஒரு வேலை பாக்கி. செய்திகள் பூட்டியே பயணம் செய்தாலும், கிளவுடில் ஏறும் பேக்கப் அந்தப் பூட்டுக்குள் தானாக வராது. 2021 முதல் பேக்கப்பையும் முழு மறையாக்கத்தில் வைக்கும் வசதி இருக்கிறது, அமைப்புகளில் உரையாடல் பேக்கப் பகுதிக்குப் போய் நீங்களே இயக்க வேண்டும். தனிப் பாஸ்வேர்டையோ 64 இலக்கச் சாவியையோ தேர்ந்தெடுக்கலாம்; தொலைத்தால் பேக்கப் போச்சு, அதனால் பாஸ்வேர்டு மேலாளரில் சேமித்துவிடுங்கள். உங்கள் பக்கம் மட்டும் செய்தால் போதாது. எதிரே இருப்பவர் செய்யாவிட்டால் அதே உரையாடல் அவருடைய பேக்கப்பில் அந்தப் பூட்டு இல்லாமல் இருக்கும். சிக்னலுக்கு வர மறுக்கும் நண்பரிடம் கேட்க வேண்டியது இதைத்தான்: புதிதாக எதையும் நிறுவ வேண்டாம், இந்த ஒரு பட்டனை மட்டும் அழுத்து.